கேன் தண்ணீர்

ஐந்து மீன்களும் நீந்தின. அவள் மறுபடியும் எண்ணிப் பார்த்தாள்.

நேற்று இதே தொட்டியில் விட்ட ஐந்து மீன்கள் சாயங்காலத்துக்குள் மல்லாந்து கிடந்தன. இவை புதியவை. காலையில் மேலாளர் தணிகாசலம் கடையில் வாங்கிவந்து, கேன் தண்ணீரை ஊற்றி விட்டவை.

சன்ஸ்கிரீன் தயாரிக்கும் கம்பெனி. கலவை டிரம்களைக் கழுவிய நீரைச் சுத்தம் செய்து ஏரிக்கு விடுகிறார்கள். அது நல்ல நீர்தான் என்று காட்டத்தான் இந்தத் தொட்டி. அந்த நீரைத்தான் இதில் ஊற்ற வேண்டும். நேற்று அதைத்தான் ஊற்றியிருந்தார்கள். சோதனைக்கு வரும் அதிகாரிகள் முதலில் பார்ப்பது ஆய்வறிக்கைத் தாளை அல்ல, மீனை.

தாளில் ஒரு குறையும் இல்லை. ஆய்வகத்தில் எல்லாவற்றையும் பார்த்து எழுதியவள் அவள்தான்.

கிரீமில் போடும் துத்தநாகத் துகளுக்கு மட்டும் தாளில் கட்டம் கிடையாது. முகத்தில் வெள்ளைத் திட்டாகத் தெரியக் கூடாது என்று அவ்வளவு நுண்ணியதாக ஆக்கியது. நானோ. முகத்தில் தெரியாதது வடிகட்டியிலா சிக்கும்?

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கத்தான் சாமர்த்தியம் வேண்டும். கண்ணுக்கே தெரியாததை மறைக்க ஒரு கேன் தண்ணீர் போதும்.

வாயைத் திறந்தால் வேலை போய்விடும் என்று தணிகாசலம் சொல்லவில்லை. அடுத்த மாதம் அவளை நிரந்தரமாக்கப் போவதாகச் சொன்னார். அவ்வளவுதான்.

சோதனைக்கு வந்த அதிகாரி தொட்டியருகே குனிந்தார். மீன்கள் அவர் விரலைத் தொடர்ந்து வந்து கண்ணாடியில் முட்டின. அவருக்குச் சிரிப்பு வந்தது. தணிகாசலமும் சிரித்தார்.

"இது அவுட்லெட் தண்ணிதானேம்மா?"

அதிகாரி கேட்டது அவளை.

தணிகாசலம் சிரிப்பை நிறுத்தவில்லை. கண் மட்டும் அவள் பக்கம் திரும்பியது.

ஏரியில் இந்நேரம் வலையை இழுத்துக்கொண்டிருப்பார்கள். பத்து மணிக்குள் மீன் சந்தைக்குப் போய்விடும்.

அவள் ஒரு வாளியை எடுத்தாள். பயமாகத்தான் இருந்தது.

தொட்டியின் நீரில் முக்கால்வாசியை மொண்டு கீழே கொட்டினாள்.

வெளியேற்றும் குழாயைத் திறந்து வாளியில் பிடித்தாள். பளிங்காக வந்தது.

மீன்களைப் பார்க்காமல் ஊற்றினாள்.

பிறகு ஒரு நாற்காலியை இழுத்து, தொட்டிக்கு நேரே போட்டாள்.

"உக்காருங்க சார். சாயங்காலம் வரைக்கும் ஆகும்."