வளையை மூடும் நேரம்

வேல்ஸ் மலைச்சரிவில் மார்ச் மாதத் தூறல் விழுந்துகொண்டிருக்கிறது. வேட்டைக் குதிரைகள் அடுத்த காட்டுக்குப் போய்விட்டன. கொம்பொலி மட்டும் மெலிதாக வந்து தேய்கிறது. நரி வளைக்குள் பதுங்கினால் டெரியர் நாயை உள்ளே விட்டு, பின்னாலேயே தோண்டிக்கொண்டு போவது எம்லினின் வேலை. இடுப்பளவுக் குழியில் நிற்கிறான். செத்த பெண்நரி விளிம்பில் கிடக்கிறது. பக்கத்தில் நெட்டில் என்ற அவனுடைய டெரியர், உதடு கிழிந்து, அவன் கழற்றிப் போட்ட கோட்டுக்குள் சுருண்டு நடுங்குகிறது. "பொழைச்சிட்டடி, ராசாத்தி" என்று அதைத் தடவும்போதுதான் நரியின் காம்புகளில் பால் கட்டியிருப்பதைப் பார்க்கிறான்.

மேலே நிற்கும் கூட்டாளி ட்ரெவர் தலையைச் சாய்க்கிறான். "உள்ள ஏதோ கத்துதுல்ல?"

"மழைடா."

"மழை இப்படியா முனகும்? குட்டிங்கடா, எம்லின்."

எம்லின் குப்புறப் படுத்து, வளைக்குள் தோள்வரை கையை விடுகிறான். விரல்நுனியில் பாறை இடிக்கிறது. பாறை இடுக்கிலிருந்து வெதுவெதுப்பான மூச்சு ஒன்று அவன் உள்ளங்கையில் படுகிறது. கையை உருவிக்கொள்கிறான்.

"எட்டல."

"அப்ப?"

"குழியை இப்படியே விட்டா மேய்ற ஆட்டுக்குக் கால் மாட்டிக்கும். மூடிட்டுத்தானே போகணும்."

ட்ரெவர் தொப்பியைக் கழற்றுகிறான். என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி மாட்டிக்கொள்கிறான். எம்லின் மேலே ஏறி, குழிக்குள் மண்ணைத் தள்ளுகிறான். ஒவ்வொரு தள்ளலுக்கும் முனகல் மெலிகிறது. உரக்கச் சீட்டியடித்தபடி மிதித்துச் சமன்செய்கிறான். சீட்டி நிற்கிறது. தூறல் சத்தம் மட்டும்தான். கோட்டோடு நாயை அள்ளி எடுக்கிறான். அது நடுக்கத்தை மறந்து, காதை நிமிர்த்தி அந்த மண்ணையே பார்க்கிறது. எம்லின் சேற்றுக் கையால் அதன் இரண்டு காதுகளையும் பொத்துகிறான்.