மல்வேர்ன் வருமா?

“அங்கிள், பஸர் அடிச்சிட்டுது! மல்வேர்ன் ரீமை இன்னும் காணேல்லையே?”

மண்டபமே அதிர்ந்த அந்தச் சத்தம் அடங்குவதற்குள் நிலாணி கத்தினாள். கல்லூரிச் செய்தித்தாளுக்காக அவள் முதல்முறையாகக் கரப்பந்து பார்க்க வந்திருந்தாள். அவளுடைய டோர்செட் பார்க் கல்லூரி அணியின் பயிற்சியாளர் ஜெயரட்ணம் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார். வெளியே பனி கொட்டியது.

“அவை வராட்டி எங்களுக்குச் சும்மா வெற்றிதானே?” என்றாள் நிலாணி.

“விசர்க் கதை கதையாதை!” என்று பாய்ந்தான் கப்டன் மிதுசன். “அவை வராட்டி எங்களுக்கும் ஒண்டும் இல்லை.”

நிலாணி விழித்தாள். ஜெயரட்ணம்தான் விளக்கினார்.

“சின்னக் கொலிச் எண்டு பெரிய லீக் ஒண்டும் எங்களைச் சேர்க்கேல்லை பிள்ளை. அதான் நாலு கொலிச் சேர்ந்து நாங்களே ஒரு லீக் துவங்கினனாங்கள். பெடியள் எல்லாம் வேலை முடிச்சு வந்துதான் விளையாடினவை. மூண்டு வருசம் ஓடிட்டுது. வாற வருசம் ரெண்டு கொலிச்சை ஒண்டாக்கப் போகினம். அதோட லீக்கும் முடிஞ்சுது. இதுதான் கடைசி மட்ச்.”

“அதுக்கேன் உங்களுக்கு இப்பிடி வேர்க்குது?”

“நாலு ரீமும் எல்லா மட்சும் விளையாடினால்தான் கப். ஒரு ரீம் ஒரு நாள் வராட்டியும் இந்த வருச லீக்கே செல்லாது. நாங்களே போட்ட சட்டம்.”

நடுவர் அன்ட்ரூ கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். இன்னும் ஐந்து நிமிடம்தான் பொறுப்பாராம்.

“மல்வேர்ன் அவ்வளவு பெரிய ரீமோ அங்கிள்?”

“வந்தால் பார். ஹோலே எழும்பி நிக்கும்.”

“அப்ப உங்களுக்குப் பயமோ?”

“பயம்தான்.”

கதவு படாரென்று திறந்தது. பனியில் நனைந்த ஆறு இளைஞர்கள் மூச்சிரைக்க உள்ளே ஓடிவந்தார்கள். ஒருவன் வேலைச் சப்பாத்தைக்கூட மாற்றியிருக்கவில்லை.

“சொறி அங்கிள்! பஸ் பனியில மாட்டிட்டுது. மிட்லண்ட் றோட்டில இருந்து ஓடி வாறம்!” என்றான் அவர்களுடைய கப்டன் பிரதாபன்.

மண்டபம் முழுவதும் எழுந்து நின்று கைதட்டியது. டோர்செட் பார்க் வீரர்கள் வலைக்குக் கீழால் குனிந்து ஓடிப்போய் அவர்களைக் கட்டிப்பிடித்தார்கள். மிதுசன் பிரதாபனைத் தோளில் தூக்கிவிட்டான்.

“எங்களுக்கு ஹார்ட் அட்டாக் தரவோடா பாத்தனி?”

“இறக்கடா! முதல் என்னை மூச்சு விட விடு!”

அன்ட்ரூகூட விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கைதட்டினார். நிலாணி படபடவென்று படமெடுத்தாள். இப்படியொரு வரவேற்பை அவள் எந்த அணிக்கும் பார்த்ததில்லை.

“ஓ மை கோட்! அங்கிள், ‘சாம்பியன்கள் வந்தார்கள்’ எண்டு தலைப்புப் போடட்டோ?”

ஜெயரட்ணம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“சாம்பியன் ஒவ்வொரு வருசமும் நாங்கள்தான் பிள்ளை. உவை மூண்டு வருசத்தில ஒரு மட்சும் வெண்டதில்லை. ஒரு மட்சுக்கும் வராமல் விட்டதுமில்லை!”