முதுகில்லாத கவுன்

கதைப் புத்தகத்தின் கடைசிப் படத்தில் இளவரசி அரக்கனின் கோட்டையை விட்டு வெளியேறுகிறாள். கோட்டைக்குள்ளிருந்து பார்ப்பதாகப் படம். அவள் முதுகுதான் தெரியும். அதை வரைவதற்காக ஓவியர் ஜெசிந்தா, சினிமா உடை வடிவமைப்பாளர் தணிகாசலத்தின் கிடங்குக்கு வந்திருந்தாள். பொம்மைக்கு மாட்டியிருந்த கவுனின் முன்பக்கம் ஜரிகையில் ஜொலித்தது. பின்னால் போய்ப் பார்த்தாள். வெறும் காடாத்துணியும் அதை இழுத்துப் பிடித்திருந்த ஊக்குகளும்தான் இருந்தன.

“கேமரா பாக்காத பக்கத்துக்கு யாரும்மா ஜரிகை வைப்பாங்க? இதப் போட்டு நடிக்கிற பொண்ணு திரும்பாம சிரிச்சிக்கிட்டே நின்னா போதும்” என்றார் தணிகாசலம்.

கணவனின் பெல்ட் முதுகில் பதித்த தடங்களை மறைத்திருந்த முந்தானையை ஜெசிந்தா இன்னும் இழுத்துவிட்டுக்கொண்டாள். முதுகு தெரியாமல் முகம் தெரிய வேண்டுமென்றால் இளவரசி கோட்டைக்குள் திரும்பி வந்தாக வேண்டும். அப்படித் திரும்பி வருபவளாக, சிரித்த முகமாகவே வரைந்தாள்.