பலவேசம் சொன்ன குறைகள்

இசைத்தட்டு முடிந்தது. ஊசியைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டுக் கதிரவன் கண்ணை மூடிக்கொண்டான். அந்த ஆல்பம் முடிந்தால் கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருக்க வேண்டும் என்பது அவனாக வைத்துக்கொண்ட முறை.

திறந்தபோது எதிரே பலவேசம் இருந்தார்.

பிரீத்தியின் அப்பா. நாரணாபுரத்தில் பட்டாசுக் கம்பெனி வைத்திருப்பவர். அவர் சரி என்று ஒரு வார்த்தை சொன்னால், அடுத்த வாரமே கதிரவன் சூலக்கரையிலிருந்து அப்பா அம்மாவைக் கூட்டிவந்து பெண் கேட்கலாம். சொல்லாவிட்டால் வேலை பார்க்கிற பெங்களூருக்குத் தனியாக பஸ் ஏற வேண்டியதுதான். அப்பாவை மீறிக் கல்யாணம் கிடையாது என்று பிரீத்தி முன்னமே சொல்லிவிட்டாள்.

பெண் வீட்டுக்கு முதல் தடவை வருகிறவன் பழம், ஸ்வீட் வாங்கி வருவான். கதிரவன் ஒரு இசைத்தட்டையும், அதைப் போட சூட்கேஸ் மாதிரி ஒரு பிளேயரையும் கொண்டுவந்திருந்தான். சூட்கேஸைப் பார்த்ததும் பிரீத்தியின் அம்மா பொன்னுத்தங்கம், பையன் தங்கப்போகிறான் போல என்று மாடி அறையைக் கூட்டச் சொல்லிவிட்டார்.

ஐம்பது வருஷத்துக்கு முன்னால் வந்த வெளிநாட்டு ராக் ஆல்பம். இது வந்த பிறகு உலகத்தில் யாருமே பழையபடி கிட்டார் வாசிக்கவில்லை என்று முன்னுரை கொடுத்தான். முன்னுரை, இசைத்தட்டின் முதல் பக்கத்தைவிடக் கொஞ்சம் நீளம். நடுவில் பேசக் கூடாது, போனை எடுக்கக் கூடாது, மிக்சி போடக் கூடாது.

ஒரு மனுஷனைத் தெரிந்துகொள்ள, இந்த ஆல்பத்தைப் பற்றி அவன் என்ன சொல்கிறான் என்று பார்த்தால் போதும் என்பது கதிரவனின் கட்சி.

என்ன தோன்றியது என்று பலவேசத்திடம் கேட்டான்.

ஆரம்பிக்கவே ரொம்ப நேரமாகிறது என்றார் பலவேசம். பற்றவைத்துவிட்டு ஓடிப்போய் நின்றால் வெடியைக் காணோம். திரி நமுத்துப்போச்சோ என்று ஆள் திரும்பிக் கிட்டே போகிற நேரம் பார்த்து டமார் என்கிறான். ஆபத்தான சரக்கு.

கதிரவன் முகம் சுருங்கியது. பொன்னுத்தங்கம் என்னவோ உள்ளே போய் இன்னும் கொஞ்சம் காராச்சேவு கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தார்.

பாட்டின் ஆரம்பத்தில் வரும் அந்த மௌனம் வேண்டுமென்றே வைத்தது என்று விளக்கினான். பலவேசம் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு அடுத்ததற்குப் போனார். பாடுகிறவனுக்குச் சளி பிடித்திருக்கிறது. டிரம்ஸ்காரன் ஒரு பக்கம் போகிறான், மற்றவர்கள் ஒரு பக்கம் போகிறார்கள், உள்ளே ஏதோ சம்பளத் தகராறு. பிறகு அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெறும் சாம்பல் கலர். ஒரு புலி இல்லை, ஒரு மயில் இல்லை. கடையில் அடுக்கினால் இதை எவன் எடுப்பான்?

கதவோரம் பிரீத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அதுதான் கதிரவனுக்குப் புரியவில்லை. உயிருக்கு உயிரான ஆல்பத்தை ஒருத்தர் துண்டுதுண்டாக்குகிறார், கட்டிக்கொள்ளப் போகிறவள் நின்று சிரிக்கிறாள். சமையலறையில் பொன்னுத்தங்கம் கறிக்கடைக்குப் போன் போட்டு, ஒரு கிலோ நல்ல எலும்பாகப் பார்த்துக் கொடுத்தனுப்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பலவேசம் நாற்காலியை இழுத்து அவன் பக்கத்திலேயே போட்டுக்கொண்டார்.

"முடிவு சரியில்லையே தம்பி. கடைசிச் சத்தத்துக்குப் பொறவு வீட்டுக்குப் போகலாமா, இன்னும் நிக்கணுமான்னு மனுசனுக்குத் தெரிய வேண்டாமா? நீங்களே சொல்லுங்க."

கதிரவனுக்குப் பொறுமை போய்விட்டது. ஆனாலும் பணிவாகத்தான் பேசினான். இதற்கெல்லாம் காது பழக வேண்டும். எடுத்த எடுப்பில் எல்லாருக்கும் பிடிபடாது. வெடிச் சத்தத்திலேயே கிடப்பவர்களுக்கு இது கஷ்டம்தான், அதில் உங்கள் தப்பு எதுவும் இல்லை அங்கிள் என்றான்.

பலவேசம் எழுந்தார்.

பிறகு நாற்காலியைப் பழைய இடத்துக்குத் தள்ளிப்போட்டார். அட்டையை இரண்டு கையாலும் பிடித்து, மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்.

"ரொம்ப நல்லாருக்கு தம்பி. ஒரு குத்தமும் சொல்றதுக்கில்ல."

கதிரவனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. எல்லாம் தன் விளக்கத்தின் மகிமை என்று நினைத்தான். இரண்டாம் தடவை கேட்டால் இன்னும் ஆழம் தெரியும் என்றான். தெரியும், தெரியும் என்றார் பலவேசம். பெங்களூர் பஸ் எத்தனை மணிக்கு என்று வெகு அக்கறையாக விசாரித்தார். டிராபிக்கில் மாட்டிக்கொள்ளாமல் இப்போதே கிளம்பினால் நல்லது என்றார்.

கறிக்கடைக்கு இன்னொரு போன் போயிற்று. வேண்டாம் என்று மட்டும் காதில் விழுந்தது.

வழியனுப்ப கேட் வரைக்கும் பிரீத்திதான் வந்தாள். கடைசியில் உங்கப்பாவையே ஒத்துக்கொள்ள வைத்துவிட்டேன் பார்த்தாயா என்றான் கதிரவன். அவள் கண் கலங்கியிருந்தது. சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டான்.

"வாங்கப்போற சரக்குலதான் எங்கப்பா குத்தம் சொல்லுவாரு" என்றாள் பிரீத்தி. "வேண்டாம்னு திருப்பி அனுப்புற ஏஜென்டுகிட்டதான் நல்லாருக்கும்பாரு. இங்கன எல்லாருமே அப்படித்தான்."

கதிரவன் சூட்கேஸை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டான். சொன்னதை முதலிலிருந்து ஒரு தடவை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தான்.

"அப்போ" என்றான், "ஆல்பம் அவருக்குப் பிடிச்சிருந்துச்சா?"