சொறியனுக்குக் கட்டிய பாட்டு

ஒரே ஒரு ஊரிலே ஒரே ஒரு குளமாம். குளத்திலே கூடப்பிறந்த தவளைகள் மூன்று: அண்ணன், தங்கச்சி, கடைக்குட்டி சொறியன். ஒருநாள் சொறியனைப் பாம்பு விழுங்கிவிட்டது. தம்பியை நினைத்து அண்ணன் பாட்டுக் கட்டிப் பாடினான். கேட்ட தவளையெல்லாம் அழுதது. தங்கச்சிக்கு மட்டும் கண்ணீர் வரவில்லை.

“அண்ணே, பாட்டு முழுக்க முத்தழகன், முத்தழகன்னு வருதே. அது யாரு?”

“நம்ம தம்பிதான் புள்ள. சொறியன்னு போட்டா எதுகை இடிக்குது. கேக்குறவங்களும் சிரிப்பாங்க.”

“அது அம்மா வச்ச பேரு. பாம்பு வாயிலேருந்து உன்னைக் கூப்பிட்டானே, அவன் எதுகை பார்த்தா கூப்பிட்டான்?”

அண்ணன் கண்ணை மூடித் தலையாட்டினான்.

“இது நல்லாயிருக்கே. இன்னொரு தரம் சொல்லு, பாட்டுல சேர்த்துக்கிறேன்.”

முத்தழகனுக்காகக் குளமே அழுதுகொண்டிருக்க, தங்கச்சி எதிர்க்கரையைப் பார்த்துத் தத்தித் தத்திப் போய்விட்டாள்.