ரெண்டு துண்டு வெள்ளி

பாரிவாக்கத்துத் தகரக் கூரை சபையில் போதகர் எபினேசர் அன்றைக்குக் கிரேக்கத்தை எடுத்துவிட்டார்.

"பண ஆசைன்னு நம்ம பைபிள்ல வருதே, அது கிரேக்கத்துல பிலார்குரியா. நேர் அர்த்தம் என்ன தெரியுமா? வெள்ளி மேல வைக்கிற ஆசை!"

சொல்லும்போதே அவர் கண் கன்னியம்மாளின் காலுக்குப் போனது. ஞானஸ்நானம் கேட்டு, ஒரு வருஷமாக வேப்பம்பட்டிலிருந்து தனியாக வந்துபோகிறாள். சபை சொன்னபடி தோடு, மூக்குத்தி, வளையல் எல்லாம் விட்டாயிற்று. மெட்டியை மட்டும் விடவில்லை.

கூட்டம் முடிந்ததும் கேட்டார். "ரெண்டு துண்டு வெள்ளிம்மா. ஆண்டவரைவிட அது பெருசா?"

"இத்த மட்டும் இப்ப கேக்காதீங்க பாஸ்டர்."

"இதுக்குப் பேருதான் பிலார்குரியா."

அவள் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டாள். மூன்று ஞாயிறு ஆளே வரவில்லை. நாலாவது ஞாயிறு வந்து உட்கார்ந்தவள், காணிக்கைப் பையில் மெட்டிகளைப் போட்டாள்.

எபினேசருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அல்லேலூயா! நம்ம சகோதரி வெள்ளியை ஜெயிச்சிட்டாங்க. கை தட்டுங்க!"

தகரக் கூரை அதிரக் கை தட்டினார்கள். ஆராதனை முடிந்ததும் ஓடிப்போய் அவளிடம் கேட்டார்.

"எந்த வசனம்மா உங்க மனசைத் தொட்டுச்சு?"

"வசனம் இல்ல பாஸ்டர். எங்க ஊட்டுக்காரரு பூட்டாரு. பத்தாம் நாள் காரியத்துல பொம்பளைங்க கயட்டி கைல குடுத்தாங்க."

எபினேசரின் கண் மறுபடியும் அவள் காலுக்குப் போனது.

"அப்பவே சொல்லலாம்னுதான் எழுந்தேன். எல்லாரும் கை தட்டிகினு இருந்தீங்க."