பத்தாவது கையெழுத்து

“அவன் கையை ஒடைக்காம விடமாட்டேன் மேடம்! எழுதி வெச்சுக்குங்க!”

கணவர் ஒன்பது புத்தகங்களையும் மேஜைமேல் தொப்பென்று போட்டார். குடும்பநல ஆலோசகரின் தண்ணீர்க் கிளாஸ் குலுங்கியது. போன வாரம்வரை கை கழுவித் துடைத்துவிட்டுத்தான் அந்தப் புத்தகங்களைத் தொடுவார் மனுஷன். ஒவ்வொன்றுக்கும் பிளாஸ்டிக் உறை, பூட்டிய கண்ணாடி பீரோ, சாவி சட்டைப் பையில்.

ஒன்பதும் சில்வண்டு வரைந்த படங்களின் தொகுப்பு. வாரப் பத்திரிகையில் தொடர்கதைக்குப் படம் போடுகிற அதே சில்வண்டுதான். வருஷத்துக்கு ஒரு தொகுப்பு வரும். புனைபெயர் ஊருக்கே தெரியும், ஆளைத்தான் யாரும் பார்த்ததில்லை.

“இவ அந்தப் பத்திரிகையில பிழை திருத்துறவ. அவனோட முதல் படம் வந்தப்பவே, ‘இவன் பெரிய ஆளா வருவான் பாரு’ன்னு இவகிட்ட சொன்னவன் நான். அதுலேருந்து வருஷா வருஷம் அவன் கையெழுத்தோட ஒரு புத்தகம் கொண்டாந்து குடுப்பா. நானும் இளிச்சவாயன், என் பொண்டாட்டி சாமர்த்தியத்தைப் பாருன்னு கடைக்கு வர்றவங்ககிட்டல்லாம் பீத்திக்கிட்டேன்!”

அவருக்கு மூக்குக் கண்ணாடிக் கடை. ஊருக்கெல்லாம் பார்வையைச் சரிபண்ணி அனுப்புகிறவர்.

“சரி, இப்ப என்னாச்சு?” என்றார் ஆலோசகர்.

“பத்தாவது தொகுப்பு வந்துச்சு. பொறுக்க முடியாம நானே அவங்க விற்பனைக் கூடத்துக்குப் போய், கையெழுத்துப் போட்டது இருக்கான்னு கேட்டேன். அந்தாளு சிரிக்கிறான் மேடம்! ‘சில்வண்டு யாருக்கும் கையெழுத்துப் போட்டதே இல்ல சார், எங்க முதலாளி கேட்டே போடல’ங்கிறான். அப்ப இவளுக்கு மட்டும் எப்படி ஒம்பது? சும்மாவா போட்டுக் குடுப்பான்? தினம் ரெண்டு மணி நேரம் லேட்டா வர்றா. கேட்டா வேலையாம், வேலை!”

எதிரே மனைவி தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். ஆலோசகர் தண்ணீர்க் கிளாஸை நீட்ட, இடக்கையால் வாங்கிக்கொண்டாள்.

“பெரியவங்க குடுத்தா சோத்துக்கையால வாங்குன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?” கணவர் அதற்கும் பாய்ந்தார். திட்ட வேண்டும் என்று வந்துவிட்டால் காரணமா கிடைக்காது?

ஆலோசகர் புத்தகங்களைப் பிரித்தார். ஒன்பதிலும் முதல் பக்கத்தில் ஒரே வாசகம். ‘என் முதல் ரசிகருக்கு, அன்புடன் – சில்வண்டு.’ கறுப்பு மை. காய்வதற்குள் ஏதோ தேய்த்துக்கொண்டு போனதுபோல, எழுத்துகள் எல்லாம் லேசாகக் கலைந்திருந்தன.

“ஒம்பதுலயும் மை கலைஞ்சிருக்கே?”

“கலையாம? பக்கத்துல உரசிக்கிட்டே நின்னிருப்பா! எனக்கு எழுதுற சாக்குல இவளுக்கு எழுதியிருக்கான். அந்தக் கண்றாவியை நான் பீரோவுல வெச்சுப் பூட்டியிருக்கேன்!”

ஆலோசகர் மனைவியின் பக்கம் திரும்பினார். அவர் குரலிலும் இப்போது கடுப்பு ஏறியிருந்தது. “வீட்டுக்காரர் கேக்குறதுல தப்பு இருக்காம்மா?”

“இல்ல மேடம்.”

“அப்புறம் என்னடி, ஆளைச் சொல்லு!” கணவர் மேஜையைக் குத்தினார். “இன்னைக்கு அவன் யாருன்னு சொல்லணும். வேலையையும் விடணும். இல்லன்னா வீட்டு வாசப்படி மிதிக்காதே. பொண்ணையும் பார்க்க விடமாட்டேன். ஆறு வயசுப் பிள்ளை, உன்னைப் பார்த்துக் கெட்டுப்போக வேண்டாம்!”

பெண்ணைப் பற்றிய பேச்சு வந்ததும் அவள் நிமிர்ந்தாள். பைக்குள் கையைவிட்டு ஒரு புதுப் புத்தகத்தை எடுத்தாள். பத்தாவது தொகுப்பு.

“பார்த்தீங்களா! சூடு சொரணை இருக்கா பாருங்க மேடம்!” அவர் அதைப் பிடுங்கிப் பிரித்தார். முதல் பக்கம் வெறுமையாக இருந்தது. “எங்கடி கையெழுத்து?”

“இன்னும் போடல.”

“ஓஹோ, இங்கேருந்து நேரா அவன்கிட்டதான் போறியா? நானும் வர்றேன். படம் போடுற அந்தக் கையை நானே ஒடைக்கிறேன்!”

“நிச்சயமா ஒடைப்பீங்களா?”

“எம் பொண்ணு மேல சத்தியமா!”

அவள் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பையிலிருந்து பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, விறுவிறுவென்று நாலு வரி எழுதினாள். எட்டிப் பார்த்த ஆலோசகர் திறந்த வாயை மூடவில்லை.

புத்தகம் கணவரிடம் திரும்பி வந்தது. அவர் கோபத்தோடு சத்தமாகத்தான் படிக்க ஆரம்பித்தார். போகப்போகக் குரல் இறங்கிவிட்டது.

“‘கல்யாணமான முதல் மாதமே என் பெயின்ட் டப்பாவைச் சாக்கடையில் கொட்டி, இந்த வீட்டில் இனி கிறுக்கல் கூடாது என்று சொன்னவருக்கு...’”

கீழே சில்வண்டு. அதே சுழி, அதே வளைவு. மை காயவில்லை, அதே மாதிரி கலைந்திருந்தது. அவர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டிக்கொண்டு, ஒன்பதையும் பத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

மனைவி மை அப்பிய இடக்கையை மேஜைமேல், அவருக்கு நேராக நீட்டினாள்.

“ஒடைங்க.”